இடது கை டீமுக்கு எதிர் டீம் தேவை

ஓர் ஆட்டத்தில்கூடத் தோற்காத பேஸ்பால் டீம் உலகத்திலேயே ஒன்றுதான். அது அமெரிக்காவில் இல்லை, ஆம்பூரில் இருந்தது. அதற்கு மேனேஜர் எங்கள் செலக்‌ஷன் பாய். அந்த டீம் ஓர் ஆட்டம்கூட ஆடியதில்லையே என்று யாராவது இழுத்தால் பாய்க்குக் கோபம் வந்துவிடும். "தோத்துச்சா இல்லியா? அத மட்டும் சொல்லு" என்பார்.

அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். எங்கள் தோல் கம்பெனியில் அவருக்கு செலக்‌ஷன் வேலை. பதனிட்டு வந்த தோலை மேஜையில் விரித்து, உள்ளங்கையால் ஒரு தடவு தடவி, இது ஃபர்ஸ்ட்ஸ், இது செகண்ட்ஸ், இது ரிஜெக்ட் என்று தள்ளிக்கொண்டே போவார். சாயங்காலம் கம்பெனி கேட்டைத் தாண்டி வந்த பிறகும் கை நிற்காது. கத்தரிக்காய், தலையணை, பக்கத்து வீட்டுக் குழந்தையின் மொட்டைத்தலை எல்லாவற்றையும் தடவித் தரம் சொல்லுவார். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் ஷெர்வானியைத் தடவிப் பார்த்துவிட்டு "செகண்ட்ஸ்" என்று சொல்ல, பெண் வீட்டார் கலவரமாகிவிட்டார்கள். துணியைத்தான் சொன்னார் என்று புரியவைப்பதற்குள் பிரியாணி ஆறிப்போனது.

நான் அப்போது அங்கே எக்ஸ்போர்ட் பேப்பர்கள் போடுகிற கிளார்க். ஒடுகத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து ரூம் எடுத்துத் தங்கியிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை என்றால் என்ன செய்வது என்று தெரியாமல் விழித்துக்கொண்டிருந்த காலம். அந்த ஞாயிற்றுக்கிழமைகளைத்தான் பாய் பிடித்துக்கொண்டார்.

எல்லாம் ஒரு கிளவ் ஆர்டரில் ஆரம்பித்தது. வெளிநாட்டுக்காரர் ஒருவர் பேஸ்பால் கிளவ் செய்துதரச் சொல்லிப் படம் அனுப்பியிருந்தார். படத்தில் இடது கைக்கு மட்டும்தான் கிளவ் இருந்தது. எங்கள் ஊரில் ஒற்றையாக எதையும் செய்து யாருக்கும் பழக்கமில்லை. காலையில் எழுந்தால் இடது ஷூ, வலது ஷூ, ஜோடி, டப்பா என்று வாழ்கிறவர்கள். பாவம், வெள்ளைக்காரர் வலது கைப் படத்தை அனுப்ப மறந்துவிட்டார் என்று எங்கள் ஆட்களே பெரிய மனது பண்ணி வலது கைக்கும் செய்து, ஜோடி ஜோடியாகக் கட்டி வைத்துவிட்டார்கள்.

அந்த ஆட்டத்தில் ஒரு கையில் கிளவ் போட்டுப் பந்தைப் பிடிப்பார்களாம், கிளவ் இல்லாத கையால் எறிவார்களாம். சரக்கெடுக்க வந்த வெள்ளைக்காரர் தலையில் அடித்துக்கொண்டு இடது கைக் கிளவ்களை மட்டும் எடுத்துக்கொண்டு போனார். வலது கைக் கிளவ்கள் மூட்டையாகக் குடோனில் கிடந்தன. முதலாளி ஒருநாள் பாயைக் கூப்பிட்டு, "எடுத்துட்டுப் போ பாய், எடத்த அடைக்குது" என்றார்.

மூட்டையோடு வீட்டுக்குப் போன பாய், அது என்ன ஆட்டம் என்று போனில் தேடிப் பார்த்தார். ஆட்டம் அவருக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. "ஒருத்தன் எறியறான், ஒருத்தன் கட்டைய வச்சிகினு சும்மா நிக்கறான். பேஜாரு" என்றார். ஆனால் ஆட்ட சீசன் முடிந்தபிறகு அங்கே குளிர்காலத்தில் நடக்கிற கூத்து அவரை அப்படியே பிடித்துக்கொண்டது. இந்த டீம் அவனை விட்டுவிட்டது, அந்த டீம் இவனை எடுத்துக்கொண்டது, மூன்று பேரைக் கொடுத்து ஒருவனை வாங்கினார்கள், இன்னும் இன்னின்ன ஆள் தேவை. பாய்க்கு இதெல்லாம் புதிதா? ஆயுசு முழுக்க அதே வேலைதான். கடல் தாண்டி ஒரு டீமைத் தனக்கென்று வைத்துக்கொண்டு, அதன் சேதியை டீக்கடையில் எங்களுக்குச் சொல்ல ஆரம்பித்தார்.

"நம்ம டீமுக்கு இன்னும் ஒரே ஒரு கொறதான்பா. எடது கையால எறியற ஆளு வேணுமாம். அமெரிக்காவுலயே கெடைக்கல, பாத்துக்க!"

சொல்லிவிட்டு அப்படியே நின்றுவிட்டார். வீட்டில் கிடப்பது வலது கைக் கிளவ். அது இடது கையால் எறிகிறவனுக்கு மட்டும்தான் உதவும். அன்றைக்கே ஆம்பூரில் ஓர் இடது கை டீம் பிறந்தது.

அதற்குப் பிறகு பாய் மனிதர்களை முகத்தைப் பார்த்துப் பேசியதே இல்லை, கையைப் பார்த்துத்தான் பேசினார். டீக்கடையில் யார் எந்தக் கையில் கிளாஸ் எடுக்கிறான், பஸ்ஸில் யார் எந்தக் கையால் கம்பியைப் பிடிக்கிறான் என்று கண் வைத்துக்கொண்டே இருந்தார். எங்கள் கட்டிங் பிரிவில் டில்லி என்று ஒருவன். இடது கையால் எழுதியதற்கு வாத்தியாரிடமும், இடது கையை நீட்டியதற்கு மாமனாரிடமும் திட்டு வாங்கியவன். அவன் கையைப் பாய் இரண்டு கையாலும் பிடித்துத் தடவி, "ஃபர்ஸ்ட்ஸ்! சுத்தமான ஃபர்ஸ்ட்ஸ்!" என்றபோது டில்லிக்குக் கண் கலங்கிவிட்டது. அவன் கையை அதுவரை யாரும் பாராட்டியதில்லை.

மைதானம் பாலாறு. மணலுக்கா பஞ்சம்? நாலு மூலையிலும் ஷூ அடிப்பாகத்துக்கு வெட்டியது போகக் கிடந்த தோல் துண்டுகளைப் போட்டார். மட்டைக்கு வீட்டுக் கட்டிலின் கால் ஒன்று வந்தது. அன்றிலிருந்து அந்தக் கட்டில் ஒரு மூலையில் செங்கல்லின் மேல் நின்றது. "ஊருக்கெல்லாம் ஆட்டம், எனக்கு இடுப்பு வலி" என்பார் பாயின் மனைவி, எங்கள் பாபி. டீம் புரொபஷனல் டீம் என்பதில் பாய் கறாராக இருந்தார். ஒவ்வொரு ஞாயிறும் பிராக்டிஸ் முடிந்ததும் ஆளுக்கொரு மக்கன் பேடா, ஜீரா சொட்டச் சொட்ட. "சும்மா ஆடுனா அது வெளையாட்டு. வாங்கிகினு ஆடுனா அது புரொபஷனல்" என்பார்.

மக்கன் பேடாவுக்கு ஆசைப்பட்டோ, தனியாக ரூமில் கிடக்கப் பயந்தோ, நானும் சேர்ந்தேன். எனக்கு வலது கைப் பழக்கம். அதை மறைத்துக்கொண்டு இடது கையால் எறிந்தேன். நான் எறிந்த பந்துகள் பெரும்பாலும் எனக்குப் பின்னால் போய் விழுந்தன. "காத்து ஜாஸ்தி" என்று பாயே எனக்காகச் சாக்குச் சொன்னார். ஒருநாள் ஆபீஸுக்கு வந்தவர் நான் வலது கையால் கையெழுத்துப் போடுவதைப் பார்த்துவிட்டார். பேப்பரை வாங்கிக்கொண்டு போனார். அந்த வருஷ மழைக்காலத்தில், டீக்கடை பெஞ்சில் எல்லோரையும் உட்காரவைத்து டீம் சேதி சொன்னபோது, என் பெயரை மட்டும் மெதுவாகச் சொன்னார்.

"கிளார்க்க ரிலீஸ் பண்ணிட்டேன்பா. நல்ல பையன். கை மட்டும் ரிஜெக்ட்."

சிரித்துக்கொண்டுதான் டீயைக் குடித்தேன். ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை ரூம் ஜன்னலில் உட்கார்ந்து, எல்லோரும் கிளவ் மாட்டிக்கொண்டு ஆற்றுப் பக்கம் போவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அதிலிருந்து ஒவ்வொரு மழைக்காலமும் அந்த டீக்கடையில் ஓரமாகப் போய் நிற்பேன், திரும்ப எடுத்துவிட்டேன் என்று சொல்ல மாட்டாரா என்று. சொன்னதில்லை.

டில்லியின் கதை இன்னும் மோசம். அமெரிக்காவில் ஆளை மாற்றிக்கொள்கிறார்களே என்று, பக்கத்துத் தெரு கிரிக்கெட் டீமிடம் டில்லியைக் கொடுத்துவிட்டு இரண்டு பந்து வாங்கி வந்துவிட்டார் பாய்.

"ரெண்டு பந்துக்கு என்னக் குடுத்துட்டியே பாய்!" என்று டில்லி தெருவில் நின்று கத்தினான்.

"அரே, அவனுங்க ஒரு பந்துதான் தர்றேன்னானுங்க. நாந்தான் பேசிப் பேசி ரெண்டா ஏத்துனேன். உன் வேல்யூ உனக்கே தெரிய மாட்டேங்குது!"

கிரிக்கெட் டீமோ, பந்து போனால் போகட்டும், இந்த ஆள் எங்களுக்கு வேண்டாம் என்றுவிட்டது. டில்லி எந்த டீமிலும் இல்லாமல் நடுத்தெருவில் நின்றான். இப்படி வருஷத்துக்கு ஒன்றிரண்டு பேர் வெளியே வந்துகொண்டே இருந்தோம்.

ஒவ்வொரு வருஷமும் போனவன், வந்தவன் சேதியெல்லாம் சொல்லி முடித்தபிறகு, "இன்னும் இன்னா தேவைன்னா" என்று பாய் ஆரம்பிப்பார். அந்த இடத்தில் குரல் இறங்கிவிடும். "எதிர் டீம் ஒண்ணு."

அதற்காக அவர் அலையாத அலைச்சல் இல்லை. கையில் கிளவ்வை மாட்டிக்கொண்டே வேலூருக்கு பஸ் ஏறுவார். ஏதோ கை வீங்கிவிட்டது என்று நினைத்து எழுந்து சீட் கொடுப்பார்கள். அங்கே ஒரு டிரில் மாஸ்டர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கோ-கோ டீம் இருக்கு, தரட்டுமா?" என்றார். வாணியம்பாடியில் ஒருவர் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவைத்தார். இருக்கிற டீமையே இரண்டாகப் பிரித்து ஆடலாமே என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன்.

"ஃபர்ஸ்ட்ஸ் லாட்ட ஒடைக்கச் சொல்றியா?" என்று முறைத்தார். பிறகு அவரே, "ஒரே ஒரு ஆட்டம்பா. தோத்தாலும் பரவால்ல. எதுர்ல நிக்கறதுக்கு ஆளு வேணும், அவ்ளோதான்" என்றார்.

ஒரு மழைக்காலத்தில் பாயின் மகன் ஹைதராபாத்துக்குக் கூப்பிட்டுவிட்டான். கண்ணில் புரை விழுந்திருந்தது, தோலில் கீறல் தெரியவில்லை என்று கம்பெனி வேலையிலிருந்தும் நின்றுவிட்டார். கிளம்பும் வாரத்தில் டீக்கடையில் வழக்கம்போல் டீம் சேதி சொன்னார். "இன்னும் இன்னா தேவைன்னா" என்று வந்ததும், பாதியிலேயே கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

டில்லி என் கையைப் பிடித்தான். "டேய், அந்தாளு தள்ளுன சரக்கெல்லாம் சேத்தா ஒரு டீமு வராது?"

வந்தது. வேலை முடிந்ததும் டில்லி வண்டியில் வீடு வீடாகப் போய்ச் சேர்த்துவிட்டான். பாய்க்குத் தகவல் போனது: ஞாயிற்றுக்கிழமை காலை, பாலாறு, எதிர் டீம் ரெடி.

நாங்கள் எல்லோரும் பிறந்ததிலிருந்து வறண்டே பார்த்த ஆறு அது. ஆந்திரா பக்கம் என்ன மழையோ, அந்த ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் இரண்டு கரையும் தொட்டுக்கொண்டு தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. ஊரே கரையில் திரண்டு நின்றது. பூவைத் தூவுகிறார்கள், கற்பூரம் ஏற்றுகிறார்கள், குழந்தைகளைத் தூக்கிக் காட்டுகிறார்கள். பாலாற்றில் தண்ணீர் வந்ததற்காக முகம் தொங்கிப்போனது எங்கள் இரண்டு டீமுக்கும் மட்டும்தான்.

பாய் வெள்ளைச் சட்டை போட்டு, கிளவ் மூட்டையோடு வந்தார். ஆற்றைப் பார்த்தார். அப்புறம் எங்களைப் பார்த்தார். கண் சரியாகத் தெரியாததால் கிட்ட வந்து, எதிர் டீமில் நின்ற ஒவ்வொருவனின் தோளையும் தடவினார். டில்லியைத் தடவினார். என்னைத் தடவும்போது கை கொஞ்சம் நின்றது.

"எல்லாம் என் கை பட்ட சரக்குதான்" என்றார்.

"ஆட்டம் இல்லியே பாய்" என்றான் டில்லி, அழுதுவிடுகிற மாதிரி.

"போவுது வுடு. தண்ணிக்கு இன்னா தெரியும்? எதிர் டீமு வந்துச்சில்ல!" சொல்லிவிட்டு எல்லோருக்கும் மக்கன் பேடா கொடுத்தார். எதிர் டீமுக்கும் சேர்த்தே வாங்கி வந்திருந்தார். அந்த வாரமே கிளம்பிப் போய்விட்டார். கட்டில் காலைத் திரும்ப மாட்டிவிட்டுத்தான் போனாராம்.

நானும் ஆம்பூரை விட்டு வந்துவிட்டேன். பெங்களூரில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகள் பழையபடி வெறிச்சென்று ஆகிவிட்டன. ஆனால் மழைக்காலம் வந்தால் ஹைதராபாத்திலிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ் வரும். அந்த அமெரிக்க டீமில் யார் போனான், யார் வந்தான், அப்புறம் நம்ம டீமில் யார் துபாய் போனான், யாருக்கு முட்டி போச்சு. கடைசியில், "எதிர் டீமு இருக்கு. மணலு காயணும். நான் வரணும். அவ்ளோதான் தேவை" என்று முடிப்பார். இந்த வருஷம் குரல் ரொம்ப மெலிந்திருந்தது. ஒருமுறைக்கு இருமுறை கேட்டேன். என் பெயர் அதில் இல்லை.

பாய், உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். தினமும் ஆபீஸிலிருந்து வந்ததும் சாக்ஸைப் பந்தாகச் சுருட்டி, இடது கையால் சுவரில் எறிந்து பழகிக்கொண்டிருக்கிறேன். வீட்டில் சிரிக்கிறார்கள். இப்போதெல்லாம் முன்னால்தான் போய் விழுகிறது. வந்து ஒரு தடவை தடவிப் பாருங்கள்.