நூறு படமும் நாலு கலவனும்

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அதனால் 'தெரியாது' என்ற சொல்லை ஊரிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். (தெரியாத விஷயங்கள் மட்டும் கூடவே வந்துவிட்டன.)

தஞ்சாவூரில் முதுகலை இயற்பியல் சேர்ந்து மூன்று மாதம். வகுப்பில் என் பக்கத்து நாற்காலியில் என் பைதான் உட்காரும். அன்று துகள் சிதைவுப் பயிற்சி. இசட் என்ற துகள் பிறந்த கணமே சிதைந்துவிடும். அது விட்டுப்போன தடங்களின் படத்தைப் பார்த்து, எதிரெதிரே பறந்த ஜோடி எலக்ட்ரானா, மியூவானா, டாவா, குவார்க்கா என்று கணினியில் பிரிக்க வேண்டும். மொத்தம் நூறு படங்கள். ரெண்டு பேராகச் சேர்ந்து செய்யலாம் என்றார் மேடம்.

கூடப் படிக்கும் நஸ்ரின் வந்து நின்றாள். "ஒண்ணா பண்ணலாமா?"

"வேணாம்பா. நான் தனியாவே முடிச்சிருவேன்."

(இப்படி யாராவது கேட்கமாட்டார்களா என்று மூன்று மாதம் காத்திருந்தவள் சொன்ன பதில் இது.) முதல் ஆளாக முடித்துப் பலகையில் எண்ணிக்கையை எழுதினால் வகுப்பே என்னைத் தேடி வரும் என்பது என் கணக்கு. மேடம் டாவைப் பற்றி விளக்கியபோது நான் இருபதாவது படத்தில் இருந்தேன்.

குடவாசல் பக்கம் எங்கள் வயலில் அப்பா விதைநெல் போடுவார். கதிர் வரும்போது மாறி நிற்கும் பயிரைக் கலவன் என்று வேரோடு பிடுங்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் பார்வையிட வரும் அதிகாரி விதைக்கு ஆகாது என்று வயலையே தள்ளிவிடுவார். ஐந்தாம் வகுப்பிலிருந்தே கலவன் எடுப்பதில் நான் கெட்டிக்காரி. திரையில் ஒரு படம்: ஒரு பக்கம் எலக்ட்ரான், மறுபக்கம் மியூவான். பார்த்ததும் கை பரபரத்தது. 'பழுது' என்ற பெட்டியில் போட்டேன். அப்படியே இன்னும் மூன்று.

முதல் ஆளாகத்தான் எழுதினேன். மேடம் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டாவ் ஒண்ணுகூட இல்லையாம்மா?"

"இல்ல மேம். கலவன் நாலு இருந்துச்சு, எடுத்துட்டேன்."

"எதை எடுத்த?"

"ரெண்டு பக்கமும் ஒண்ணுபோல இல்லாததை மேம்."

"இன்னும் வயலவிட்டு ஏறல போல," என்றது பின்வரிசை. வகுப்பு சிரித்து முடிக்கும்வரை மேடம் காத்திருந்தார்.

"டாவ் நம்ம பாக்குறதுக்குள்ள தானும் சிதைஞ்சிரும்மா. ஒண்ணு எலக்ட்ரானாகும், இன்னொண்ணு மியூவானாகும். அதான் ரெண்டு பக்கமும் வேற வேறயா தெரியுது. அந்த நாலைத் தேடத்தான் மத்ததையெல்லாம் பாத்ததே."

எல்லோரும் பேருந்துக்குப் போனபிறகு நூறு படத்தையும் தனியாக மறுபடி பார்த்தேன். நஸ்ரின் அன்றே வேறொருத்தியோடு சேர்ந்துகொண்டிருந்தாள். பிறகு என்னிடம் கேட்கவே இல்லை. நானும் கேட்கவில்லை. படிப்பு முடியும்வரை பக்கத்து நாற்காலி என் பைக்கே சொந்தம்.

வீட்டுக்கு போனில் இதைச் சிரிப்புக் கதையாகத்தான் சொன்னேன். நாற்காலி விஷயத்தைச் சொல்லவில்லை. இன்றைக்கும் அப்பா கலவன் எடுக்க இறங்கினால், அம்மா வரப்பிலிருந்து குரல் கொடுப்பாள்:

"பாத்துப் பிடுங்குங்க. ஒங்க மக தேடிக்கிட்டிருக்கிற ஆளா இருக்கப்போவுது."