நவாப் கிணற்றில் இறங்கியவன்

எதையும் புரட்டிப் பார்க்காமல் நம்பமாட்டேன் என்று வாழ்ந்த மனிதன் இந்த உலகத்தில் ஒருவன்தான். அவன் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் ஆம்பூரில் என்னோடு நான்காம் பாரம், அதாவது இன்றைய ஒன்பதாம் வகுப்பு, படித்தான். பெயர் ரிஜக்ட்டு. வீட்டில் வைத்த பெயர் ஒன்று வருகைப் பதிவேட்டில் இருந்தது. வாத்தியார் அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவனே திரும்பிப் பார்ப்பான், யாரைக் கூப்பிடுகிறார் என்று.

அவன் நைனா, அதாவது அப்பா, தோல் ஷாப்பில் பதனிட்ட தோல்களைத் தரம் பிரிப்பவர். இவனும் விடிந்ததும் போய் அதே வேலையைச் செய்துவிட்டு, தோலை ஊறவைக்கும் ஆவாரம் பட்டையின் வாசனையோடு வகுப்புக்கு வருவான். தோலை வெளிச்சத்தில் பிடிக்க வேண்டும், முதுகுப் பக்கம் தடவ வேண்டும், பின்பக்கம் புரட்டிப் பார்க்க வேண்டும். நல்லதென்றால் நீலப் பென்சிலால் ஒற்றைக் கோடு, சுமாரென்றால் இரட்டைக் கோடு, உதவாதென்றால் பெருக்கல் குறி. ஷாப்பில் செய்கிற இந்த வேலையை அவன் ஷாப்போடு நிறுத்தவில்லை. ஓட்டலில் தோசையைப் புரட்டிப் பார்த்து, "மேல ஃபஸ்ட்டு, அடியில ரிஜக்ட்டு" என்று திருப்பி அனுப்புவான். கணக்குப் பரீட்சையில் கேள்வித்தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, நாலாவது கேள்விக்குப் பெருக்கல் குறி போட்டுக் கொடுத்துவிட்டான். அந்தக் கேள்வி தப்புதான் என்று வாத்தியார் மறுநாள் ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்ட கோபத்தில் அவனைப் பெயிலாக்கினார்.

இப்படி இரண்டு வருஷம் போனதில் அவனுக்கு மீசை வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தைப் பார்வையிட வந்த அதிகாரி, வகுப்பில் நுழைந்ததும் முதல் வணக்கத்தை அவனுக்குத்தான் வைத்தார்.

அந்த வருஷம் வேலூரில் பள்ளி மாணவர்களுக்குச் சரித்திரப் போட்டி வைத்தார்கள். இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து சொந்த ஊர்ச் சரித்திரத்தை ஆராய்ந்து கட்டுரை எழுத வேண்டும். பார்வைக்கு ஒரு பொருளும் வைக்க வேண்டும். எங்கள் பள்ளிக்கு ஹெட்மாஸ்டர் என்னைத் தேர்ந்தெடுத்தார். எனக்குக் கையெழுத்து நன்றாக இருக்கும். இரண்டாவது ஆளாக அவன் தானாகவே வந்து நின்றான், போகச் சொன்னால் போகவில்லை. காரணத்தை என்னிடம் மட்டும் சொன்னான்.

"நைனா சொல்லிட்டாரு. முதல் பரிசு வாங்குனா படி, இல்லாட்டி முழு நாளும் ஷாப்புக்கு வந்துடுன்னு."

"படிச்சு இன்னாடா பண்ணப்போற?"

"தெரியல. பாதியில நிறுத்திட்டா நான் இன்னா தரம்னே தெரியாம பூடுமே."

ஹெட்மாஸ்டர் தலைப்பையும் கொடுத்துவிட்டார்: நவாப் கிணறு. முன்னொரு காலத்தில் ஒரு நவாப் படையோடு போகும்போது எங்கள் தெருக்கோடிக் கிணற்றில் தண்ணீர் குடித்து, "ஆகா!" என்றாராம். அன்றிலிருந்து அந்தத் தண்ணீருக்குச் செந்நிறமும் ஒரு துவர்ப்பும் வந்துவிட்டதாம். மாப்பிள்ளைகள் ஊர்வலத்துக்கு முன் அதில் வாய் கொப்பளிப்பார்கள். குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு என்றால் ஒரு மடக்கு கொடுப்பார்கள், உடனே நிற்கும். ஆண்டு விழாதோறும் ஹெட்மாஸ்டர் அந்த "ஆகா!"வை நடித்தே காட்டுவார்.

நான் ஒரே மூச்சில் பன்னிரண்டு பக்கம் எழுதினேன். ரிஜக்ட்டு ஒவ்வொரு தாளையும் புரட்டி, பின்பக்கம் பெருக்கல் குறி போட்டான். "பாத்தவன் யாரு?" என்றான். கண்ணால் கண்டவன் சொன்னால் முதல் தரம், கண்டவனிடம் கேட்டவன் சொன்னால் இரண்டாம் தரம், மற்றதெல்லாம் ரிஜக்ட்டு. இதுதான் அவன் சட்டம்.

வீடு வீடாகப் போனோம். முதல் வீட்டில் நவாப் வெள்ளைக் குதிரையில் வந்தார். அடுத்த வீட்டில் கறுப்புக் குதிரை. மூன்றாம் வீட்டில் பல்லக்கு. நாலாம் வீட்டுக்காரர் யானையையே கொண்டுவந்தார். ஐந்தாம் வீட்டில், நவாப் குடிக்கவேயில்லை, குதிரைதான் குடித்தது என்றார்கள்.

"ஒரு சொம்பு தண்ணிக்கு நாலு வாகனமா?" என்றான் ரிஜக்ட்டு. "ரொம்ப பேஜாருப்பா. வா, கிணத்தையே புரட்டிப் பாத்துடலாம்."

கோடையில் தண்ணீர் முழங்காலளவுக்கு இறங்கியிருந்தது. ராட்டினத்தில் போட்ட கயிற்றின் ஒரு முனையை என்னிடம் கொடுத்துவிட்டு, மறு முனையைப் பிடித்து அவன் இறங்கினான். அவன் எடையில் பாதிதான் நான். அவன் கீழே போனபோது நான் மேலே போனேன். வேடிக்கை பார்க்கக் கூடியிருந்த கூட்டம் என் காலைப் பிடித்து இழுத்திருக்காவிட்டால் அன்றைக்கே நானும் சரித்திரமாகியிருப்பேன்.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "டேய், எந்தக் கிணறுடா அடியில சதுரமா இருக்கும்? சுவத்துல சுண்ணாம்பு பூசியிருக்கு!" சேற்றைக் கிளறும் சத்தம். மேலே வந்தபோது ஒரு கையில் ஊறிக் கறுத்த ஆவாரம் பட்டை, மறு கையில் மடிந்துபோன ஒரு தோல்.

"இது கிணறு இல்ல. தோல் ஊறவெச்ச பழைய குழி. ஆத்து ஊத்து உள்ள வந்து ரொம்பிட்ச்சு. அந்தச் செவப்பு, அந்தத் துவர்ப்பு எல்லாம் இந்தப் பட்டைதான்."

கூட்டத்தில் புது மாப்பிள்ளை ஒருவர் அலறினார். "யப்பா, போன மாசம்தானே நான் இதுல வாய் கொப்பளிச்சேன்!"

"பயப்படாதண்ணே. வாய் நல்லா பதமாயிருக்கும். இனிமே கிழியாது."

இதைப் போட்டிக்கு அனுப்ப ஹெட்மாஸ்டர் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். "நவாபைக் கொன்னுட்டியேடா!" என்றார். "அவரு வரவேயில்லையே சார்" என்றான் இவன். அடுத்த நாள் முதல், அந்த ஈரத்தோலை மடியில் வைத்துக்கொண்டு ஹெட்மாஸ்டர் அறை வாசலில் உட்கார்ந்தான். பேசவில்லை, கெஞ்சவில்லை. பல வருஷம் சேற்றில் கிடந்த தோல் அவனுக்காகப் பேசியது. மூன்றாம் நாள் காலை, மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு ஹெட்மாஸ்டர் கையெழுத்துப் போட்டார்.

கட்டுரையை முதலிலிருந்து எழுதினோம். எழுதினேன் என்று சொல்ல வேண்டும், அவன் புரட்டினான். ஏழு முறை திருப்பி எழுத வைத்தான். என் எழுத்துக்கு ஒரு முறைகூட ஒற்றைக் கோடு விழவில்லை. எனக்கு அவனைக் குழியிலேயே விட்டுவிட்டு வந்திருக்கலாம் என்று தோன்றியது.

வேலூருக்கு ரயிலில் போகும்போதுதான் ஒரு விஷயம் சொன்னான். குழியில் பலருடைய தோல்கள் சேர்ந்து ஊறும். எது யாருடையது என்று தெரிய, ஒவ்வொருவரும் ஓரத்தில் தன் குறியை வெட்டிவிடுவார்கள். எங்கள் தோலில் இருந்தது மூன்று ஓட்டை, ஒரு கீறல்.

"அது எங்க தாத்தாவோட குறி. நைனா சொன்னாரு."

நான் ரயிலிலேயே எழுந்து நின்றேன். "ஜெயிச்சோம்டா!"

போட்டி மண்டபத்தில் எங்களுக்குப் பக்கத்தில் அட்டையில் செய்த ஒரு கோட்டை. அகழியில் நிஜத் தண்ணீர், தண்ணீரில் மண் முதலை. ஆனாலும் நடுவர் எங்கள் முன்னால்தான் வெகுநேரம் நின்றார். வயதான பேராசிரியர் அவர். தோலை மெதுவாகத் தொட்டார்.

"தம்பி, இது உன் தாத்தா கைவேலைன்னு கேள்விப்பட்டேன். அப்படின்னா இந்த மண்டபத்துல இதுக்கு மிஞ்சி ஒண்ணும் இல்ல. உன் தாத்தாவோடதுதானே?"

அந்தச் செய்தியை மண்டபம் முழுக்கப் பரப்பியிருந்த நான் அவன் முதுகில் கிள்ளினேன்.

"இருக்கலாம் சார்" என்றான். "ஆனா பேரணாம்பட்டுல இன்னொரு வீட்டுலயும் இதே குறி போட்டிருக்காங்க. அவரு வெட்டுனத பாத்தவங்க யாரும் இப்போ இல்ல. ரெண்டாம் தரம் சார்."

"உறுதியாச் சொல்ல முடியாதா?"

"முடியாது சார்."

முதல் பரிசு கோட்டைக்குப் போனது. ரிஜக்ட்டு அதன் கோபுரத்தை லேசாகப் புரட்டிப் பார்த்தான். அது கையோடு வந்துவிட்டது. "உள்ள வெறும் காயிதம்" என்று என் காதில் சொல்லிவிட்டு, பத்திரமாகத் திரும்ப வைத்தான்.

திரும்பி வரும் ரயிலில் எனக்கு அழுகை முட்டியது. "ஒரே ஒரு வார்த்தைடா! 'ஆமாம்'னு சொல்லியிருந்தா உன் படிப்பு நின்னிருக்குமா?" என்று கத்தினேன்.

அவன் ஜன்னலுக்கு வெளியே பாலாற்று மணலைப் பார்த்துக்கொண்டிருந்தான். கண் சிவந்திருந்தது. "நவாபுக்கு ஒரு நியாயம், எங்க தாத்தாவுக்கு ஒரு நியாயமா?" என்றான்.

திங்கட்கிழமை அவன் வகுப்புக்கு வரவில்லை. அதன்பிறகும் வரவில்லை. பெஞ்சில் அவன் இடம் அகலமாகக் காலியாகக் கிடந்தது. கையை நீட்டி உட்கார எனக்கு மனம் வரவில்லை.

ஒரு மாதம் கழித்துக் கட்டுரை வேலூரிலிருந்து திரும்பி வந்தது. இன்றும் என் பெட்டியில் இருக்கிறது. தாள்களின் பின்பக்கமெல்லாம் இரட்டைக் கோடு, கிணற்றின் அளவு எழுதிய பக்கத்திலும்கூட. கடைசித் தாளில், அவன் பார்க்காதபோது நானாக ஒரு வரி சேர்த்திருந்தேன்: 'இதைச் செய்தவர்கள் இரண்டு நண்பர்கள்.' அதை அவன் எப்போது பார்த்தானோ தெரியாது. அந்தத் தாளைப் புரட்டினால், நீலப் பென்சிலில் அழுத்தமாக, ஒரே ஒரு கோடு.