எலியா மலையில் மணி அடித்தபோது

இனிமேல் ஏமாறுவதில்லை என்று அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் முடிவு செய்தேன். யாரிடம் என்று கேட்காதீர்கள். கல்யாணமானவர்களுக்குத் தெரியும். ஆகாதவர்கள் இன்னும் கொஞ்ச நாள் நிம்மதியாக இருக்கட்டும்.

எல்லாம் டாக்டரால் வந்த வினை. என் வயிற்றைத் தட்டிப் பார்த்துவிட்டு, "ஸ்ட்ராத்தி, நீ நடக்கணும்" என்றார். அதை என் காதில் மட்டும் சொல்லித் தொலைத்திருக்கலாம். பக்கத்தில் என் மனைவி ஃபோதினி உட்கார்ந்திருந்தாள். வீடு வந்து சேருவதற்குள் சட்டம் போட்டுவிட்டாள். ஞாயிறுதோறும் நான் எலியா தீர்க்கதரிசி கோயில் இருக்கிற மலையுச்சிக்கு ஏற வேண்டும். ஏய்க்காமல் ஏறுகிறேனா என்று பார்க்க அவளும் கூட வருவாளாம். ஏறாத வாரம் எனக்குக் காபிக்கடை கிடையாது.

கிரீட் தீவில் ஒரு ஆண்பிள்ளையைப் பார்த்துச் சொல்கிற பேச்சா இது? காபிக்கடை வாசலில், முசுக்கட்டை மரத்தடியில், எனக்கென்று ஒரு நாற்காலி இருக்கிறது. நான் இல்லாத நேரத்திலும் அதில் வேறு எவனும் உட்கார மாட்டான். அதில் உட்கார்ந்து நண்பன் லெஃப்டெரிஸோடு பகடை ஆடித் தோற்பதுதான் என் வாழ்க்கை. அதற்கே வேட்டு வைத்தால் எப்படி?

"மலை எங்கேயும் ஓடிப்போயிடாது ஃபோதினி. வெயில் தணியட்டும்."

"நீங்க ஏறுங்க. முதல்ல தொப்பை தணியட்டும்."

"என் முட்டி..."

"முட்டிவலி எனக்குத்தான். உங்களுக்கு வலிக்கிறது நாக்கு. ராக்கிச் சாராயம் கிடைக்கலேன்னு."

பேசி ஜெயிக்க முடியாது. அலுத்துப்போய் ஒரு திட்டம் போட்டேன்.

எங்கள் மலைப்பாதை ஒரு வட்டம். அடிவாரத்தில் இரண்டாகப் பிரியும். வலது பக்கம் சாய்வாக, நீளமாக. இடது பக்கம் குட்டையாக, செங்குத்தாக. இரண்டும் உச்சிப் பாறையில் கோயில் வாசலில் சேரும். மேலே போய்ச் சேர்ந்தவர்கள் கோயில் மணியை அடிப்பது ஊர் வழக்கம். கீழே அத்தனை பேரும் அண்ணாந்து பார்த்து, "யாரோ ஏறிட்டாங்கப்பா" என்பார்கள்.

"ஃபோதினி, உன் முட்டிக்குச் செங்குத்து ஆகாது. நீ வலப்பக்கமா மெதுவா வா. நான் இடப்பக்கமா ஏறறேன். உச்சியில சந்திப்போம்."

"தனியாவா? பயமா இல்லையா?"

"எனக்கா?"

"சரி. முதல்ல போறவங்க மணி அடிக்கணும், ஆமா."

இவ்வளவு சுலபமாக அவள் எதற்கும் சரி சொன்னதே இல்லை. அங்கேயே உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

திட்டம் இதுதான். முதல் வளைவுக்குப் பின்னால் ஒரு ஒலிவ மரம். அதன் அடியில் தூங்குவேன். அவள் ஆடி அசைந்து மேலே போய் மணி அடிப்பாள். எழுந்து நாலு வளைவு ஏறுவேன். காத்திருக்கப் பொறுக்காமல் என் பக்கமாக இறங்கி வருவாள். "அடடா, வந்துகிட்டே இருந்தேனே!" என்று மூச்சு வாங்குவேன். மூச்சு வாங்குவதற்கு எனக்கு ஒத்திகை தேவையில்லை.

படுத்தேன். தொப்பியை முகத்தில் கவிழ்த்தேன்.

டாங்!

தூக்கிவாரிப் போட்டது. அதற்குள்ளா? முட்டிவலிக்காரி பறந்தா போனாள்? அடித்துப் பிடித்து எழுந்து ஏறினேன். ரெண்டு வளைவு தாண்டி ஒரு கல்லில் உட்கார்ந்தேன்.

டாங்! டாங்!

பொறுமை போய்விட்டது போல. கோபத்தோடு இறங்கி வரும்போது இவ்வளவு கீழே மாட்டினால் காபிக்கடை போச்சு. இன்னும் கொஞ்சம் ஏறினேன். முள்செடி காலைக் கிழித்தது. நாக்கு தள்ளியது. ஆளைக் காணோம். ஒரு பாறையில் சாய்ந்தேன்.

டாங் டாங் டாங் டாங்!

"வர்றேன்டி தாயே!" என்று கத்தினேன். ஒரு ஆடு மட்டும் திரும்பிப் பார்த்தது. ஒவ்வொரு வளைவிலும் அவள் எதிரே வந்துவிடுவாள் என்று பயந்து பயந்தே, கடைசியில் கையும் காலுமாகத் தவழ்ந்து, உச்சிக்கே போய்ச் சேர்ந்துவிட்டேன்.

கோயில் வாசலில் மணிக்கயிற்றைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தவன் ஆடு மேய்க்கும் மனூசோஸ்.

"வாங்கண்ணே! கடைசியில ஒரு வழியா வந்துட்டீங்க."

"ஃபோதினி எங்கேடா?"

"அக்காவா? அவங்க ஏன் வரணும்? நீங்க தனியாத்தான் ஏறப் பார்ப்பீங்கன்னு நேத்தே சொல்லிட்டாங்க. இங்கேருந்து பாத்தா பாதை முழுக்கத் தெரியுதில்ல? நீங்க எப்பல்லாம் உட்கார்றீங்களோ, அப்பல்லாம் அடிக்கச் சொன்னாங்க. என்னா மனுஷன்ணே நீங்க, எனக்குக் கை வலியே வந்துடுச்சு."

அவன் மடியில் ஒரு தட்டு. பாலாடைப் பலகாரம். காலையில் நான் கேட்டபோது தீர்ந்துவிட்டது என்றாளே, அதே பலகாரம்.

"ஒண்ணு குடுடா."

"கூடாதுன்னும் சொல்லியிருக்காங்கண்ணே."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. கீழே பார்த்தேன். ஊர் உள்ளங்கை அளவில் தெரிந்தது. காபிக்கடை, முசுக்கட்டை மரம், என் நாற்காலி. நாற்காலியில் ஒரு நீலப் பாவாடை.

எப்படி இறங்கினேன் என்று கேட்காதீர்கள். பாதி நடந்தேன், மீதி சரிந்தேன். காபிக்கடையில் ஃபோதினி பகடையை உருட்டிக்கொண்டிருந்தாள். எதிரே லெஃப்டெரிஸ் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தான்.

"யோவ் ஸ்ட்ராத்தி! இத்தனை வருஷமா இவங்களை ஏன்யா வீட்டுக்குள்ளயே வச்சிருந்தே? ஒரு ஆட்டம்கூட ஜெயிக்க விட மாட்டேங்கறாங்க! உங்கூட ஆடறதெல்லாம் ஒரு ஆட்டமாய்யா?"

நான் அவனைக் கண்டுகொள்ளவில்லை.

"ஃபோதினி, நான் ஏறிட்டேன். ஊருக்கே மணி கேட்டுச்சு. சொன்ன சொல்லைக் காப்பாத்து. காபிக்கடை எனக்கு."

"யாரு இல்லேன்னா? வாரம் முழுக்கத் தாராளமா வாங்க."

"அப்ப எழுந்திரு. என் நாற்காலியைக் குடு."

அவள் பகடையை உள்ளங்கையில் குலுக்கியபடி நிமிர்ந்து பார்த்தாள்.

"டாக்டர் உங்களை உட்காரச் சொல்லலையே."