நடுவைத் தொடாத மதலைமுத்து

செஸ் பலகையில் நடுச் சிப்பாயைத் தொட்டால் கை வெந்துவிடும் என்று நம்புகிற ரகம் ஒன்று உண்டு. பக்கவாட்டுக்காரர் என்று பெயர் வைத்துக்கொள்ளுங்கள். ஆஸ்டின் டவுன் செஸ் கிளப்பில் அவருக்கு மதலைமுத்து என்று பெயர். மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டுவது தொழில்.

ஊரெல்லாம் ராஜாவுக்கு முன்னால் நிற்கிற சிப்பாயைத் தள்ளித் தொடங்கினால், இவர் ஒவ்வொரு காயையும் கட்டத்துக்கு நடுவில் சரிபார்த்து வைத்து, கண்ணாடியைத் துடைத்து, ராணிப் பக்கத்து பிஷப்புக்கு முன்னால் நிற்கிற சிப்பாயை ஒற்றை விரலால் இரண்டு கட்டம் நகர்த்திவிட்டு, நகர்த்திய விரலையே கொஞ்ச நேரம் பார்ப்பார். ஜெயிப்பாரா? அது வேறு விஷயம்.

வைட்ஃபீல்ட்காரர்களோடு மோதும் அணியில் ஒரே இடம்தான் பாக்கி. இவரும் உஷா டீச்சரும் ஆட வேண்டும், ஜெயித்தவருக்கு இடம். ஆளுக்குப் பத்து நிமிடம். ஐந்து வருடமாக அந்த இடத்துக்கு ஏங்கியவர் வெள்ளைக் காயோடு உட்கார்ந்தார். சிப்பாயைத் தள்ளினார். உஷா முகத்தில் ஒரு திகைப்பு. அது போதும் இவருக்கு! எழுந்து வராந்தாவுக்கு வந்துவிட்டார். டீ குடித்துக்கொண்டிருந்த அணித் தலைவர் கிளிஃபர்ட் மாட்டினார்.

“பாத்தியாப்பா? நடுவுல கையே வைக்கல. இப்போ அவ இன்னா செய்வா?”

“ஆடுவாங்க. நீங்க உள்ள போங்கண்ணா.”

“எங்க ஆடுறது? யோசிக்கவே பத்து நிமிஷம் பத்தாது.”

உஷாவே வாசலுக்கு வந்தார். “அண்ணா, ஒரு நிமிஷம், அந்த...”

“போய் யோசிம்மா. பயப்படாத. டிரா மட்டும் கேக்காத.”

உஷா உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போய் உட்கார்ந்தார்.

குதிரை எங்கே வரும், பிஷப் எங்கே பதுங்கும் என்று சுவரில் விரலால் கட்டம் போட்டுக் காட்டி முடித்து உள்ளே போனால், கடிகாரத்தில் இவர் பக்கம் பூஜ்யம். சிப்பாயை நகர்த்தியவர், எதிராளியின் நேரத்தை ஓடவிடும் பொத்தானை அமுக்கவே இல்லை. ஓடித் தீர்ந்ததெல்லாம் இவருடைய பத்து நிமிடம்.

“ஏம்மா, சொல்லக் கூடாதா?”

“அதுக்குத்தாண்ணா வந்தேன். நீங்க தைரியம் சொல்லி அனுப்பிட்டீங்க.”

இடம் உஷாவுக்குப் போனது. மதலைமுத்து முகம் சுருங்கியது, ஒரே நிமிடம்தான். இப்போது போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்கிறார்: “நான் ஆரம்பிச்ச ஆரம்பத்துக்கு அந்தப் பொண்ணால ஒரு காய்கூட நகத்த முடியலப்பா!”

பொய்யா? இல்லையே.

சிரியுங்கள். ஆனால் படிக்கும்போதே, ‘அந்தச் சிப்பாய் வேண்டாம், குதிரையைத்தான் முதலில் எடுத்திருக்கணும்’ என்று பக்கத்தில் இருப்பவருக்கு விளக்கத் திரும்பினீர்களா? அப்படியானால் உடனே எழுந்து போய்ப் பாருங்கள். அடுப்பில் பால் வைத்திருந்தீர்கள்.