பாறைமேல் பதிவான பள்ளி

கணினி மின்சாரத்தால் இயங்குகிறது என்றொரு தவறான நம்பிக்கை மக்களிடையே நெடுங்காலமாக நிலவுகிறது. படித்தவர்களும் இதற்கு விலக்கல்ல. பள்ளிக்கூடக் கணினி படிவத்தால் இயங்குகிறது. மின்சாரம் பிற்பாடு வரலாம், வராமலும் போகலாம். படிவம் முந்தி வந்தாகவேண்டும்.

கல்வராயன் மலையில் இருபத்து மூன்று பிள்ளைகளும் ஒரே ஆசிரியையும் உள்ள தொடக்கப் பள்ளிக்கும் அது வந்தது. மாநிலம் முழுவதற்குமான தொழில்நுட்ப முன்னேற்பாட்டுத் திட்டம். நூற்று நாற்பத்தெட்டுக் கேள்விகள். வெள்ளிக்கிழமைக்குள் செயலி வழியாகப் பதில் அனுப்பாத பள்ளி, அடுத்த பள்ளியோடு இணைக்கப்படும். அடுத்த பள்ளி பதினோரு கிலோமீட்டர் கீழே, இரண்டு ஓடைக்கு அப்பால். அப்படி இணைத்தால் பிள்ளைகள் ஆடுகளோடுதான் இணைவார்கள் என்பது ஆசிரியை எழில்மதிக்குத் தெரியும்.

முதல் கேள்வி: ‘பள்ளியில் இணைய வசதி உள்ளதா?’

பள்ளியில் சிக்னலே கிடையாது. ஊருக்கே ஆட்டுப்பாறைதான். முக்கால் கிலோமீட்டர் ஏறி உச்சி மேட்டில் நின்றால் போன் பேசும். அதற்கும் ஊரில் ஒரு முறை உண்டு. நோயாளிக்கு வண்டி கூப்பிடுபவர் முதலில். மூங்கில்துறைப்பட்டுக்குக் கரும்பு வெட்டப் போக மேஸ்திரியிடம் வேலை கேட்பவர் அடுத்து. கட்டிக்கொடுத்த மகளிடம் பேசுபவர் கடைசி. மாநிலத் திட்டங்களுக்கு இதில் இடம் ஒதுக்கப்படவில்லை. எழில்மதி மகள்களுக்கும் பின்னால் நின்றார்.

முறை வந்ததும், கள்ளக்குறிச்சியில் திட்டத்தைக் கவனிக்கும் ஒருங்கிணைப்பாளர் தங்கதுரையை அழைத்தார்.

“சார், எங்க ஸ்கூல்ல நெட் இல்லைங்க.”

“அப்ப ‘இல்லை’ன்னு போட்டு அனுப்புங்கம்மா.”

“அனுப்பறதுக்கு நெட் வேணுமே சார்.”

“இப்ப எங்கருந்து பேசறீங்க?”

“பாறை மேலருந்து.”

“அங்க நெட் இருக்குதா?”

“இருக்குதுங்க.”

“இருக்கற எடத்த வுட்டுட்டு, இல்லாத எடத்துல போய் ஏம்மா நிக்கறீங்க?”

எழில்மதி யோசித்துப் பார்த்தார். அங்கேயே நின்று நூற்று நாற்பத்தெட்டுக்கும் பதில் தந்தார். செயலி முதல் பதிலை மட்டும் தானாகத் திருத்திக்கொண்டது: ‘இல்லை என்பதை இணையம் வழியாகத் தெரிவித்திருப்பதால், ஆம் எனக் கொள்ளப்படுகிறது.’ பிறகு, அவர் நின்ற இடத்தையே பள்ளியின் இடமாகக் குறித்துக்கொண்டு வாழ்த்துச் சொன்னது. பதில் அனுப்பிய பள்ளிகள் அனைத்திலும் இணையம் இருப்பதாக அந்த வாரமே கண்டறியப்பட்டது. நூற்றுக்கு நூறு.

பள்ளி பிழைத்தது. ஆனால் திங்கள் முதல் வருகைப் பதிவும் செயலியில்தான் என்றார்கள். காலை ஒன்பதே காலுக்குள், பள்ளி இருக்கும் இடத்தில் நின்று, ஒவ்வொரு பிள்ளையின் முகத்தையும் போனில் காட்டவேண்டும். ஏழு நாள் வருகை பதிவாகாவிட்டால் இணைப்புதான்.

ஆகவே பள்ளி பாறைக்கு ஏறியது.

“இன்னாங்க டீச்சர் இது?” என்றார் சத்துணவு ஆக்கும் கொளஞ்சியம்மாள். “அடுப்பு கீழ இருக்குது, வாயெல்லாம் மேல இருக்குது.”

“ஒரு வாரம் தூக்கிக்கினு வாங்கக்கா. எடத்த திருத்தச் சொல்லி எழுதறேன்.”

திருத்தத்துக்கும் படிவம் இருந்தது. அதைத் தவறான இடத்திலிருந்து அனுப்பக்கூடாது. சரியான இடத்தில் நின்றே அனுப்பவேண்டும். எழில்மதி சிக்னல் தேடிப் பள்ளிக் கட்டடத்தின் கூரைமேல் ஏறிக்கூடப் பார்த்தார்.

தங்கதுரை ஆய்வுக்கு வந்தார். பாறையை இருமுறை சுற்றிவந்து, திறன்பலகை மாட்டச் சுவர் இல்லாததை ‘சிறு குறைபாடு’ என்று குறித்துக்கொண்டார்.

“சுவரு கீழ இருக்குதுங்க சார். நாலும் இருக்குது.”

“அந்தக் கட்டடம் பதிவுல இல்லம்மா. அதுக்குள்ள பிள்ளைங்கள உக்காரவெச்சு, ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா யாரு பொறுப்பு?” என்று பாறை விளிம்பில் நின்றபடி கேட்டார். “வேற ஏதாச்சும் குறை?”

இருந்தது. கணக்குப் பாடத்தின் நடுவே, கரும்பு வெட்டப் போகும் வேடியப்பன் தினமும் உச்சி மேட்டில் நின்று மேஸ்திரியிடம் கத்திக்கொண்டிருந்தார்: “ஆறு பேரு வரோங்க! அருவா ரெண்டு கம்மி!” கழித்தலுக்கு எந்தக் கணக்கைக் கொடுத்தாலும் பிள்ளைகள் நான்கு என்றே விடை எழுதினார்கள்.

“இங்க போன் பேசறவங்கள மட்டும் தடுத்தாப் போதும் சார்.”

தங்கதுரையின் முகம் மலர்ந்தது. தம்மால் செய்யக்கூடிய ஒன்றை ஒருவர் கேட்பது அவருடைய பணிக்காலத்தில் அதுவே முதல்முறை. மூன்றாம் நாள் உச்சி மேட்டில் பலகை நட்டார்கள்: ‘பள்ளி வளாகம். கைபேசி பயன்படுத்தத் தடை.’

அன்றே பள்ளி விட்டதும் பலகை ஓரமாகப் போனை எடுத்த வேடியப்பனிடமிருந்து எழில்மதி அதை வாங்கி, சாக்பீஸ் டப்பாவுக்குள் போட்டார்.

“டீச்சர், மேஸ்திரி வேற ஆளு புடிச்சிக்குவாருங்க.”

“விதின்னா எல்லாருக்கும் ஒண்ணுதானுங்களே.”

மறுநாள் காலை ஒன்பது மணி பத்து நிமிடம். பிள்ளைகளை வரிசையாக நிறுத்திவிட்டு, எழில்மதி பைக்குள் கையைவிட்டுத் தம் போனை எடுத்தார். பலகைக்கு அந்தப் பக்கம், வேலை கிடைக்காத மற்ற ஐந்து பேரோடு குந்தியிருந்த வேடியப்பன் மரியாதையாக எழுந்து நின்றார்.

“டீச்சர்,” என்றார். “போர்டுங்க.”

அன்று அந்தப் பள்ளியின் மாணவர் வருகை பூஜ்யம் என்று சென்னையில் பதிவானது. கொளஞ்சியம்மாள் இருபத்து மூன்று முட்டை அவித்திருந்தார்.