பீலி வைத்த படகு

சரியாகப் பின்னேரம் மூன்று நாற்பதுக்கு எல்லாம் கோணலாகத் தொடங்கியது. நாலந்தாவுக்கு அந்தப் பக்கம் ஒரு குளம். அதன் நடுவில், தான் செய்த படகில், என் ஒரே மகளை முன்னால் உட்கார வைத்துக்கொண்டு, பீலி பாஸ் வானத்தை அண்ணாந்து பார்த்தார். பிறகு குனிந்து படகின் பின்பக்கத்தில் எதையோ திருகினார். நான் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மனிதர் அண்ணாந்து பார்த்துவிட்டுக் குனிந்தால் யாருக்காவது கேடு நிச்சயம்.

இந்தத் தீவு முழுக்கத் தேடினாலும் படகுக்குப் பீலி அடித்த இன்னொரு மனிதர் கிடைக்கமாட்டார். பெருமைக்காகச் சொல்லவில்லை. கோபத்தில்தான் எழுதுகிறேன்.

உக்குவளையில் எங்கள் ரோட்டில் உள்ள எல்லாக் கூரைகளுக்கும், ஓரத்தில் மழைத் தண்ணீர் ஓடும் பீலி அடித்தவர் அவர்தான். கைவேலைக்காரரை இங்கே பாஸ் என்போம்; அவருடைய சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. கல்யாண அழைப்பிதழிலேயே 'பீலி பாஸ் குடும்பத்தினர்' என்றுதான் எழுதுவார்கள். மழை வந்தால் ஊரில் எல்லோரும் வீட்டுக்குள் ஓடுவோம். அவர் மட்டும் குடையை எடுத்துக்கொண்டு வெளியே வருவார். ரோட்டின் நடுவில் நின்று ஒவ்வொரு கூரையாகப் பார்ப்பார். எங்கேயாவது தண்ணீர் பீலியைத் தாண்டி வழிந்தால் வாசலில் நின்று கூப்பிடுவார்.

"டீச்சர், உங்க வீடு அழுவுது. கொஞ்சம் வெளிய வந்து பாருங்க."

நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருக்கும்போது, வீடு அழுகிறது என்று ஒருவர் வாசலில் நின்றால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ரோட்டு முனை வீட்டுப் பெரியவர் இறந்தபோது நடந்ததை இன்னும் சொல்கிறார்கள். பெட்டியைத் தூக்கும் நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. தூக்குவதற்கு நின்ற நாலு பேரில் பீலி பாஸும் ஒருவர். திடீரென்று ஒரு மூலை ஆளில்லாமல் நிற்கிறது. தேடினால் ஆள் கூரை மேல்.

"கொஞ்சம் பொறுங்க. இங்க இலை அடைச்சிருக்கு. ஐயா கடைசியா வெளிய போறாரு, தலையில தண்ணி கொட்டக் கூடாது."

அழுதுகொண்டிருந்த வீடு அழுகையை நிறுத்தி, அவர் இலை அள்ளி முடிக்கும்வரை காத்திருந்தது. பெரியவர் நனையாமல்தான் போனார். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

இப்படிப்பட்டவருக்குப் போன வருடம் மீன் பைத்தியம் பிடித்தது. வெயில் காலத்தில் குளம் வற்றும்போது, கரையோரம் முழங்கால் தண்ணீரில், செத்த மரங்களுக்கு நடுவே விரால் கிடக்குமாம். பெரிய வள்ளம் அங்கே தரை தட்டுமாம். ஆள் நடந்து போனால் மீன் ஓடிவிடுமாம். அதற்கு ஒரே வழி, தட்டையான அடியுள்ள, தூக்கினால் பாய் மாதிரி எடையில்லாத ஒரு சின்னப் படகு. அதுவும் அவருடைய த்ரீவீலின் கூரையில் கட்டிக்கொண்டு போகிற மாதிரி.

மெல்லிய பிளைவுட்டில் படகைச் செய்து, மேலே பைபர் பூசி, மிச்சமிருந்த கூரைப் பெயின்ட்டை அடித்தார். அதுவரைக்கும் எனக்கு ஆட்சேபணை இல்லை. அதற்குப் பிறகுதான் அதற்குச் சாமான் பூட்டத் தொடங்கினார்.

ஒவ்வொரு சாமானையும் நிறுத்துப் பார்த்துத்தான் ஏற்றினார். தராசு மிளகுக் கடை நானாவுடையது, மிளகு மூட்டையைக் கொக்கியில் தொங்கவிட்டு நிறுப்பது. நங்கூரத்துக்கென்று சீமெந்து ஊற்றி வைத்திருந்த பெயின்ட் டின்னை அதில் மாட்டியபோது நானாவுக்குப் பொறுமை போய்விட்டது.

"பாஸ், இது மெளகு நிறுக்கிற தராசு. நாளைக்கு என் மெளகுல மீன் வாடை அடிச்சா நீங்களா வந்து பதில் சொல்லுவீங்க?"

"இன்னும் மீனே புடிக்கல நானா. அதுக்குள்ள எங்கேயிருந்து வாடை?"

தூண்டில்களை நிறுத்தி வைக்கக் கூரைப் பைப்பைச் சரிவாக வெட்டி இரண்டு பக்கமும் பூட்டினார். சேற்றில் புதையாமல் ஊன்றித் தள்ள, மூங்கிலின் அடியில் ஒரு தட்டு அடித்தார். பிரிட்ஜ் பெட்டியில் வந்த வெள்ளை ரெஜிபோம் அட்டையை அடியில் பரப்பி, அதன் மேல் ஒரு உள்தளம் போட்டார். குடை செருக ஒரு பைப். தேத்தண்ணிப் போத்தலுக்கு ஒரு பைப். பைப்பில் செய்ய முடியாத எதுவும் உலகத்தில் தேவையில்லை என்பது அவருடைய கொள்கை. கடைசியில் படகின் விளிம்பைச் சுற்றி, ஐயா, ஒரு அழகான வெள்ளைப் பீலி.

"பாஸ், படகுக்கு எதுக்குப் பீலி?"

"விளிம்புல அடிக்கிற தண்ணி உள்ள வரக் கூடாது இல்லையா டீச்சர்? கை வச்சுப் புடிக்கவும் ஆச்சு."

சரி என்று விட்டேன். ஆனால் உள்தளத்தைப் பார்த்தபோது விட முடியவில்லை. முன்னாலிருந்து பின்னால் இலேசான சரிவு. சரிவு முடியும் இடத்தில், படகின் பின்பலகையில், ஒரு ஓட்டை. ஓட்டைக்கு ஒரு பைப். பைப்புக்குத் திருகுகிற மூடி.

"இது என்ன?"

"மழை பெஞ்சா உள்ள விழுகிற தண்ணி எங்க போகும்? போறதுக்கு ஒரு வழி விடணும்."

"அதே வழியா வெளித் தண்ணி உள்ளே வராதா?"

பீலி பாஸ் என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டுச் சிரித்தார். "தண்ணி கீழதான் டீச்சர் போகும். மேல ஏறி வந்து நான் பாத்ததில்ல. இந்த ஓட்டை தண்ணிக்கு மேலதான் நிக்கும். நிறுத்துப் பாத்துதான் வச்சிருக்கேன்."

நிறுத்தார்தான். தூண்டிலை நிறுத்தார், நங்கூரத்தை நிறுத்தார், தேத்தண்ணிப் போத்தலைத் தேத்தண்ணியோடு நிறுத்தார். தன்னை மட்டும் நிறுக்கவில்லை. அவர் தராசில் தொங்கியிருந்தால் நானாவின் கடை உத்தரமே கீழே வந்திருக்கும்.

அடுத்த அநியாயம் என் வீட்டுக்குள்ளேயே நடந்தது. அவர் பின்னால் உட்கார்ந்து ஊன்றினால் படகின் மூக்கு மேலே தூக்குகிறதாம். முன்னால் வைக்க ஒரு பாரம் வேண்டுமாம். கெம்பஸ் விடுமுறையில் வந்திருந்த என் மகள் சர்மி, "நான் வரவா பாஸ் மாமா?" என்றாள். நீச்சல் தெரியாத பிள்ளை. குளிக்கிற வாளியைத் தவிர வேறு ஆழத்தைப் பார்த்ததில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் என் கணவர் பத்திரிகையிலிருந்து தலையைத் தூக்காமலே, "நாமளும் போய்க் கரையில நிப்போமே, ஒரு மாறுதலா இருக்கும்" என்றார்.

"மண் மூட்டை வைக்கலாம்னுதான் இருந்தேன் டீச்சர்," என்றார் பீலி பாஸ், எனக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்து. "ஆனா பாப்பா மூட்டையை விடப் பரவாயில்ல. மூட்டை தேத்தண்ணி ஊத்திக் குடுக்காது."

பல்கலைக்கழகத்தில் படிக்கும் என் மகள் மண் மூட்டையை விடப் பரவாயில்லையாம்.

அவர்கள் த்ரீவீலில் முன்னால் போனார்கள். நாங்கள் பஸ்ஸில் பின்னால் போனோம். நான் மடியில் ஒரு கார் டியூப்பைக் காற்று நிரப்பி வைத்திருந்தேன். கண்டக்டர் அதற்கு ஒரு டிக்கெட் எடுக்கச் சொன்னான். நான் பார்த்த பார்வையில் அடுத்த சீட்டுக்குப் போய்விட்டான்.

குளக்கரையில் பீலி பாஸ் டியூப்பைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"இடம் இல்ல டீச்சர். தூண்டில் எல்லாம் மறைச்சிரும்."

"பிள்ளைக்கு நீந்தத் தெரியாது பாஸ்."

"அங்க பாருங்க, எருமை நிக்குது. முழங்கால் தண்ணி. முழங்கால் தண்ணிக்கு எதுக்கு டியூப்?"

சர்மியும் "அம்மா, சனம் பாக்குது" என்றாள். இப்படித்தான் அவர்கள் போனார்கள். டியூப் என் கையில் இருந்தது. மகள் குளத்தில் இருந்தாள்.

ஒரு மணிநேரம் எல்லாம் நன்றாகத்தான் போனது. படகு இலை மாதிரி மிதந்தது. அவர்கள் ஒரு மீனையும் பிடிக்கவில்லை. அதிலும் எனக்குத் திருப்திதான். அப்புறம் மலைப் பக்கமிருந்து மேகம் கறுப்பாக ஏறி வந்தது. மூன்று நாற்பது. பீலி பாஸ் அண்ணாந்து பார்த்தார், குனிந்தார், திருகினார்.

என்ன திருகினார் என்று பிறகுதான் தெரிந்தது. வேறு யாராக இருந்தாலும் மழை வருகிறது என்றால் படகைக் கரைக்குத் திருப்புவார்கள். இவர் வாழ்நாள் முழுக்க மழைக்கு முன்னால் செய்த ஒரே வேலையைச் செய்தார். தண்ணீர் போக வழி அடைத்திருக்கிறதா என்று பார்த்து, வழியைத் திறந்துவிட்டார். அந்த மூடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

மழை விழுந்தது. குளம் மறைந்தது. மரங்கள் மறைந்தன. எருமைகள் கூட மறைந்தன. நான் "சர்மி" என்று கத்தினேன். மழை இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. என் கணவர் கையிலிருந்த, மீன் வைத்த மாலுபாண் பணிஸைக் கடிக்க மறந்து நின்றார். கல்யாணமான நாளிலிருந்து அவர் சாப்பிட மறந்து நான் பார்த்ததில்லை. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு உண்மையாகவே பயம் வந்தது.

கரையில் தேத்தண்ணிக் கடை வைத்திருந்த முதலாளி ஓடி வந்தார். "பய வென்ன எப்பா மிஸ்," என்றார் சிங்களத்தில். பயப்பட வேண்டாமாம். சொல்லிவிட்டு, தனக்குத் தெரிந்த தமிழில் தொடர்ந்தார்: "எல்லா எடமும் தண்ணி கொஞ்சம்தான். நடுவுல மட்டும் பழைய ஆறு போற பள்ளம் இருக்கு. அது மட்டும்தான் ஆழம்."

அந்த மனிதர் நல்லவர். ஆனால் அதை அவர் அப்போது சொல்லியிருக்கத் தேவையில்லை. வள்ளக்காரரைக் கூட்டிவருவதாகச் சொல்லிவிட்டு அணைக்கட்டுப் பக்கம் ஓடினார்.

நான் அங்கே நின்று, பீலி பாஸுக்குச் சொல்ல வேண்டியவற்றை ஒவ்வொன்றாக அடுக்கினேன். உமக்குப் புத்தி இருக்கிறதா? கூரைக்கும் படகுக்கும் வித்தியாசம் தெரியுமா? இனி எங்கள் வீட்டு வாசலில் நீர் கால் வைக்கக் கூடாது. வீடு அழுதால் அழுதுகொண்டு கிடக்கட்டும். ரோட்டு முனை வீட்டுப் பெரியவரைக்கூட இழுத்துக்கொண்டேன்.

மழைக்குள்ளிருந்து முதலில் தூண்டில் பைப்புகள் தெரிந்தன. பிறகு வெள்ளைப் பீலி. பிறகு சர்மி. மூங்கிலைப் பிடித்துத் தாறுமாறாக ஊன்றிக்கொண்டு, நனைந்த கோழிக்குஞ்சு மாதிரி, ஆனால் உயிரோடு, முழுசாக. நான் தண்ணீருக்குள் ஓடி அவளைப் பிடித்துக்கொண்டேன். படகுக்குள் பார்த்தேன். ஒரு சொட்டுத் தண்ணீர் தேங்கவில்லை. ஆளும் இல்லை.

"பாஸ் எங்கடி?"

அவளுக்குக் குளிரில் பல் அடித்துக்கொண்டிருந்தது. "மூடியைக் கழட்டினதும் தண்ணி உள்ள வந்திருச்சும்மா. அவரு பாரம்தான் பின்னால அமுக்குது. மூடியைத் திரும்பப் போடப் பாத்தாரு, சேறு அடைச்சுத் திருகு ஏறல. ஓட்டையைப் பாத்தாரு, என்னையப் பாத்தாரு. 'பாப்பா, ஆடாம இரு'ன்னுட்டு இறங்கிட்டாரு. இறங்கினதும் படகு எழும்பிச்சு. தண்ணி எல்லாம் அந்த வழியாவே தானா ஓடிருச்சு. பீலியைப் புடிச்சுக்கிட்டுத் தள்ளிக்கிட்டே வந்தாரு. ஒரு எடத்துல கால் எட்டல. தொங்கினா படகு மறுபடி அமுங்கும்னு ஒரே தள்ளு தள்ளி விட்டாரு. 'நீ போ, நான் நடந்து வர்றேன்'ன்னாரு."

"நடந்தா? அவருக்கு நீந்தத் தெரியுமா?"

"தெரியாதாம்மா. இறங்குறதுக்கு முன்னாடியே கேட்டேன்."

மகளை அவள் அப்பாவின் கையில் கொடுத்தேன். பிறகு என்ன செய்தேன் என்பது எனக்குக் கோர்வையாக நினைவில்லை. சேலையை இழுத்துச் செருகியது நினைவிருக்கிறது. "பாஸ், பாஸ்" என்று கத்திக்கொண்டே எருமைகளைத் தாண்டிப் போனது நினைவிருக்கிறது. அடுக்கி வைத்திருந்த திட்டுகளில் ஒன்றும் வாயில் வரவில்லை. வீட்டுப் பீலியில் மாவிலை அடைத்திருக்கிறது, அதை இனி யார் எடுப்பது என்ற நினைப்புதான் திரும்பத் திரும்ப வந்தது. அந்த நேரத்தில் ஒரு மனுஷி நினைக்கிற நினைப்பா அது?

மழை கொஞ்சம் விட்டது. செத்த மரங்களின் பக்கத்திலிருந்து ஒரு உருவம் வந்தது. ஒரு மரத்தைப் பிடித்து, விட்டு, அடுத்ததைப் பிடித்து, கழுத்துவரை சேறு பூசிக்கொண்டு, ஒற்றைச் செருப்போடு பீலி பாஸ் வந்தார். கையில் அந்த மூடி பத்திரமாக இருந்தது. அவர் முதலில் கரையைப் பார்த்தார். சர்மி அங்கே நிற்பதைக் கண்டதும் நிம்மதியாக மூச்சு விட்டார். உதடு நீலமாகி நடுங்கிக்கொண்டிருந்தது. அதற்கப்புறம்தான் என்னைப் பார்த்தார். என் கையில் இருந்ததையும் பார்த்தார்.

"என்னா டீச்சர்," என்றார், "முழங்கால் தண்ணிக்கு எதுக்கு டியூப்?"