தலையணை சாரின் கால்நடைத் திட்டம்

வகுப்பில் தூங்கிய பேராசிரியர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள், நானும் பார்த்திருக்கிறேன். ஊரார் தூக்கத்துக்குள் புகுந்து, அங்கே என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று ஒட்டுக்கேட்க அரசாங்கத்திடம் நிதி கேட்டவர் இந்தப் பூமியில் ஒருவர்தான். அவர் எங்கள் தலையணை சார்.

ஓசூரை ஒட்டிய ஒரு பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சிப் பிரிவில் நான் அப்போது வேலை பார்த்தேன். பேராசிரியர்கள் நிதி கேட்டு எழுதும் திட்டங்களைச் சரிபார்த்து இணையத்தில் ஏற்ற வேண்டும். சார் மொழியியல் துறையில் தற்காலிக ஆசிரியர். தரையில் கால் பாவாமல் நடப்பார். மாடிப்படியில் எதிரே வருகிறவருக்கு ஒதுங்கி வழிவிட்டு, அப்படியே சன்னல் வழியே மேகம் பார்த்து நின்றுவிடுவார். பிறகு, "நான் ஏறிக்கிட்டிருந்தேனா, எறங்கிக்கிட்டிருந்தேனா?" என்று அடுத்து வருகிறவரிடம் கேட்பார்.

மே மாதத்தோடு அவருடைய ஒப்பந்தம் முடிந்துவிடும். "ஒரு புராஜெக்ட் கொண்டாங்க, நீட்டிச்சுத் தர்றேன்" என்று டீன் சொல்லியிருந்தார். ஆனால் சாருக்கு எதைப் பற்றி எழுதுவதென்றே தெரியவில்லை.

ஒரு பனிக்காலக் காலையில் அது தெரிந்துவிட்டது. மத்திகிரியிலிருந்து வரும் டவுன் பஸ். கண்ணாடிகளில் பனி பூத்திருக்கிறது. ஷிப்ட் முடித்தவர்கள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து, பஸ்ஸே ஒரு தொட்டில் மாதிரி ஆடி வருகிறது. சார் இறங்கி நேராக என் மேசைக்கு ஓடி வந்தார்.

"மேடம், பக்கத்து சீட்டுக்காரரு தூக்கத்துல தெலுங்கு பேசறாரு. கண்டக்டர் எழுப்புனா தமிழ்ல டிக்கெட் கேக்கறாரு. போன் வந்துச்சு, கன்னடம்! அந்த ஒரு ஆளுக்குள்ள எத்தனை பேரு இருக்காங்க?"

"அது இந்த ஊர்ல எல்லாருக்கும் உள்ளதுதானே சார்?"

"ஆனா கனவு எதுல வருது? அதை யாரும் கேக்கலீங்களே!"

மறுநாளிலிருந்து விடிந்ததும் நோட்டோடு பஸ் ஸ்டாப்பில் நின்றார். முதல் வாரம் அவரை இன்சூரன்ஸ் ஏஜென்ட் என்று நினைத்து எல்லோரும் விலகிப் போனார்கள். இரண்டாம் வாரம் ஜோசியர் என்று நினைத்துக் கையை நீட்டினார்கள். மூன்றாம் வாரம் வரிசையில் நின்று கனவு சொன்னார்கள்.

உதிரிபாகக் கம்பெனிக்காரர் ஒருவர் சொன்னார்: "கனவுலயும் கன்வேயர் ஓடுது சார். ஆனா பெல்ட்டு மேல பாகம் வர்றதில்ல, மேகம் வருது. நான் ஒவ்வொண்ணா செக் பண்ணி அனுப்பறேன். நேத்து ஒண்ணை மட்டும் ரிஜெக்ட் பண்ணிட்டேன். ஓரம் சரியில்ல."

ரோஜாப் பண்ணையில் வேலை செய்யும் ஓர் அம்மா சொன்னதை சார் என்னிடம் பத்து முறையாவது சொல்லியிருப்பார். "பொறந்த வூடு தெலுங்கு, புகுந்த வூடு கன்னடம். அழுவறது தெலுங்குல, திட்டறது கன்னடத்துல, லீவு கேக்கறது தமிழ்ல. கனவுல மட்டும் யாரும் பேச மாட்டாங்க சார். எல்லாரும் சும்மா ஒக்காந்திருப்போம். நல்லாருக்கும்."

'எல்லைப்புறத் தொழிலாளர்களின் கனவு மொழி' என்று திட்டத்துக்குத் தலைப்பு வைத்தார். எழுத உட்கார்ந்தபோது ஆரம்பித்தது எனக்குத் தலைவலி. தேவைப்படும் கருவிகள் என்ற இடத்தில் 'தலையணை, நாற்பது' என்று இருந்தது.

"சார், கருவின்னா மெஷின்."

"தூங்கறதுக்கு இதைவிட நல்ல மெஷின் இருக்கா மேடம்?"

அன்றிலிருந்துதான் அந்தப் பெயர். திட்டத்தால் சமூகத்துக்கு என்ன பயன் என்ற இடத்தில் அரைப் பக்கம் எழுதச் சொன்னேன். 'இதுவரை யாரும் கேட்காததைக் கேட்கிறோம் என்பதால் மக்கள் மகிழ்வார்கள்' என்று ஒரே வரி எழுதினார். அதைத் தொட எனக்கும் மனம் வரவில்லை.

கடைசி நாள், மாலை ஐந்து மணியோடு இணையதளம் மூடிவிடும். நாலே முக்காலுக்கு வந்து, 'தூக்கம்' என்று இருக்கிற இடமெல்லாம் 'உறக்கம்' என்று மாற்ற வேண்டும் என்றார். "தூக்கத்துல மொத எழுத்தே வல்லினமா இடிக்குது மேடம்." பல்லைக் கடித்துக்கொண்டு மாற்றினேன். திரையில் வட்டம் சுற்றுகிறது, சுற்றுகிறது, நிற்கவே இல்லை. ஐந்து மணிக்கு ஒரு நிமிஷம் இருக்கையில் துறைகளின் பட்டியல் திறந்தது. அவசரமாகத் தட்டி அனுப்பினேன். போய்ச் சேர்ந்தது. இருவரும் டீ குடித்தோம்.

ஒரு மாதம் கழித்து நேர்காணலுக்குக் கடிதம் வந்தது. இரண்டு முறை படித்தேன். 'தங்கள் கால்நடை ஆராய்ச்சித் திட்டம் குறித்து' என்றிருந்தது. ஆங்கிலப் பட்டியலில் லிங்விஸ்டிக்ஸுக்கு அடுத்த வரி லைவ்ஸ்டாக். மொழியியலைத் தட்டுவதாக நினைத்து மாட்டைத் தட்டியிருக்கிறேன்.

அழுகையோடு அவரிடம் நீட்டினேன். நிதானமாகப் படித்தார். "கூப்பிட்டுட்டாங்கல்ல? பேசிப் பாப்போம், வுடுங்க" என்றார்.

நேர்காணல் வீடியோவில், என் மேசைக் கணினியில் நடந்தது. திரையில் மூன்று கால்நடை மருத்துவர்கள். நான் பீரோவுக்குப் பக்கத்தில் ஒளிந்து நின்றேன்.

"இதுல எத்தனை மாடு சேத்திருக்கீங்க?" என்றார் தலைவர்.

"மாடு இல்லீங்க. மனுஷங்க."

"அப்போ நாப்பது தலையணை?"

"அதுவும் அவங்களுக்குத்தானுங்க."

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சார் அதைக் கவனிக்கவே இல்லை. மேகத்தைச் சோதித்தவர் கதையைச் சொன்னார். பேசாமல் உட்கார்ந்திருக்கும் குடும்பத்தைச் சொன்னார். பத்து நிமிஷப் பேச்சு முக்கால் மணியானது. முடிவில் ஓரத்திலிருந்த டாக்டர் மெதுவாகச் சொன்னார்: "நான் படிச்சது, எழுதறது எல்லாம் இங்கிலீஷ். கனவுல எங்கப்பா கன்னடத்துல கூப்பிடறாரு. நான் பதில் சொல்றதுக்குள்ள முழிப்பு வந்துடுது."

பிறகு தலைவர் தொண்டையைச் செருமினார். "ரொம்ப நல்ல திட்டம் சார். ஆனா எங்க நிதி கால்நடைக்கு மட்டுந்தான். மன்னிச்சுக்கங்க."

மறுநாள் டீன் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். முகம் சிவந்திருந்தது. "மொழியியல் திட்டம் மாட்டுக்குப் போயிருக்கு! யாரு தட்டினது?"

நான் வாயைத் திறப்பதற்குள் சார் சொல்லிவிட்டார்: "நாந்தான் சார். அன்னிக்குக் கண்ணாடி போட மறந்துட்டேன்."

அந்த மனிதர் வாழ்க்கையில் கண்ணாடியே போட்டதில்லை.

வெளியே வந்ததும், "ஏன் சார் இப்படி?" என்றேன்.

"எனக்கு எப்படியும் மே மாசம் முடியுது மேடம். ஒரு தப்புக்கு ரெண்டு பேரு எதுக்கு வீட்டுக்குப் போகணும்?" என்று சொல்லிவிட்டு, வானத்தைப் பார்த்தபடி நடந்தார்.

சாயங்காலம் ஸ்டாப்பில் அவர் தனியாக நின்றிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன். ரோஜாப் பண்ணை அம்மாவின் கனவில் மாதிரி இருவரும் சும்மா நின்றோம். என் பஸ் வந்தது. நான் ஏறவில்லை. அதற்கடுத்த பஸ்ஸிலும் ஏறவில்லை.